விசுவாசம், அன்பு, துணிவு: பிறருக்கு உதவப் புறப்படுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் வாலிபர் கூட்டம், வீட்டு ஜெபம், ஆராதனை முடிந்து வாசலில் நின்று கதைக்கிற நேரம் என்று எங்கே போனாலும் திரும்பத் திரும்ப இந்தக் கேள்விகள்தான் வருகின்றன. கத்தோலிக்கர், மெதடிஸ்தர், பெந்தெகொஸ்தே சபையார் எல்லாரும் கேட்கிறார்கள். கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன். பதில்கள் ஒரு சாதாரண விசுவாசியுடையவை. உங்கள் போதகரோ பங்குத்தந்தையோ வேறுவிதமாகச் சொன்னால் அதையும் கேளுங்கள்.

சின்ன வயசில இருந்து கோயிலுக்குப் போறன். ஆனா விசுவாசத்தில வளர்ந்த மாதிரித் தெரியல்ல. வளர்றது எண்டா என்ன?

உள்ளே பெரிதாக ஏதோ பொங்கினால்தான் வளர்ச்சி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பேதுரு தன் இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் விசுவாசத்தோடு எதெதைக் கூட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார். தைரியம், ஞானம், இச்சையடக்கம், பொறுமை, தேவபக்தி என்று போய், சகோதர சிநேகத்திலும் அன்பிலும் அது முடிகிறது. அதாவது விசுவாசம் போய்ச் சேருமிடம் இன்னொரு மனிதன். அதனால் "எனக்குள் என்ன உணர்கிறேன்" என்று தேடிக்கொண்டிருக்காமல், போன வருடம் கண்டும் காணாமல் கடந்துபோன ஒருவரை இந்த வருடம் நின்று விசாரிக்கிறேனா என்று பாருங்கள்.

வேளாண்மை செய்கிறவர் பயிர் எத்தனை அங்குலம் வளர்ந்தது என்று தினமும் அளந்துகொண்டிருப்பதில்லை. வாய்க்காலைப் பார்ப்பார், களை பிடுங்குவார், குடலை வருகிற நேரத்தில் வரும். உங்கள் விசுவாசத்தையும் அப்படியே விடுங்கள், செய்ய வேண்டியதைச் செய்யுங்கள்.

சரி, எங்க இருந்து தொடங்குற? ஜெபமா, பைபிளா, சேவையா?

மூன்றையும் சிறிதாக, ஒன்றாகத் தொடங்குங்கள். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம்தான். ஒரு நாளைக்கு ஒன்று வாசித்தாலும் மூன்று கிழமைக்குள் முடிந்துவிடும். வாசிக்கும்போது இயேசு யாரிடம் போகிறார், யார் அவரை வழியில் நிறுத்துகிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். அவர் போகிற வழியில் பாதிப் பேர் இடைஞ்சலாக வந்தவர்கள்தான், அந்த இடைஞ்சலுக்காகத்தான் அவர் நிற்கிறார்.

அதோடு ஒரே ஒரு ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள், பெயரும் வீடும் தெரிந்த ஒரு ஆள். "ஏழைகளுக்கு உதவ வேண்டும்" என்று தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் அந்த வசனத்திலேயே நின்றுவிடுகிறார்கள், "மூலை வீட்டு அம்மம்மாவை வியாழக்கிழமை பார்க்கப் போக வேண்டும்" என்று தொடங்குகிறவர்கள் போகிறார்கள்.

ஜெபிக்க இருந்தா மனசு அலையுது. போன் சத்தம் கேட்டா எழும்பிடுறன்.

எல்லாருக்கும் அப்படித்தான். மனம் யாரிடம் அலைந்து போகிறதோ அவருக்காகவே ஜெபித்துவிடுங்கள். கடன்காரர் ஞாபகம் வந்தால் அவருக்காக, சண்டை பிடித்த மச்சாள் ஞாபகம் வந்தால் அவளுக்காக. போனை வேறு அறையில் வையுங்கள். சொல்ல வார்த்தை வராத நாளில் ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசித்தால் போதும், அந்த வார்த்தைகள் நமக்காகத்தான் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன.

எனக்கே கஷ்டம். நாள் கூலி, அதோட நுண்கடன் வேற. நான் ஆருக்கு உதவுற?

முதலாவது, கொடுப்பதற்காக ஒரு சதமும் கடன் வாங்காதீர்கள். இரண்டு காசு போட்ட விதவையின் கதையைச் சொல்லி யாராவது உங்களிடம் காணிக்கை கேட்டால், மாற்கு 12ஆம் அதிகாரத்தில் அதற்குச் சற்று மேலே வாசிக்கச் சொல்லுங்கள். விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்களைப் பற்றி இயேசு அங்கேதான் எச்சரிக்கிறார். அந்தப் பெண்ணின் மனதை அவர் மெச்சினார், ஏழையிடம் இருப்பதையும் பிடுங்க யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை.

இரண்டாவது, கஷ்டப்பட்டவருக்குத் தெரிகிற சில விஷயங்கள் வசதியானவருக்குத் தெரியாது. கடன் வசூலிக்க வருகிற நாளில் ஒரு பெண் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பது எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த நாளில் அவளோடு போய் வாசலில் உட்காருங்கள். தவணைப் புத்தகத்தைச் சேர்ந்து பாருங்கள், இன்னும் எவ்வளவு மிச்சம், வட்டி எவ்வளவு என்று. எழுதப்படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தாலே வருகிறவர் பேசும் தொனி மாறும். இதற்குக் காசு தேவையில்லை.

எங்கட ஊரில உண்மையில என்ன தேவை? உலர் உணவுப் பொதி குடுக்கிறதா?

பொதி தேவைப்படும் நேரம் உண்டு. மார்கழி, தையில் வெள்ளம் வந்தால் முதல் மூன்று நாளும் பொதி பொதியாக வரும், ஒரே வீட்டுக்கு நாலு அமைப்பு பருப்பும் சீனியும் கொடுக்கும். மூன்றாம் கிழமை ஒருவரும் வர மாட்டார்கள். கிணறு சேறாகி மணத்துக்கொண்டு கிடக்கும், பிள்ளைகளின் கொப்பிகள் ஊறிப் போயிருக்கும், சுவர் ஈரத்தில் அம்மா இருமிக்கொண்டிருப்பார். அப்போது போங்கள். நாலு பேர் வாளியும் கயிறும் கொண்டுபோனால் ஒரு நாளில் ஒரு கிணறு இறைக்கலாம். குளோரின் எவ்வளவு போடுவது என்று அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள், கண்மதிப்பில் போடாதீர்கள்.

ஆண்டு முழுக்க இருக்கிற தேவை இன்னொன்று, வைத்தியசாலைக் கிளினிக். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமங்களில் இருந்து வயதானவர்கள் முதல் பஸ்சில் மட்டக்களப்புக்கு வருகிறார்கள். கையில் ஒரு சொப்பிங் பை, அதற்குள் கிளினிக் கொப்பி, பழைய ரிப்போர்ட், ஒரு போத்தல் தண்ணீர். சாப்பிடாமல் வந்திருப்பார்கள், இரத்தம் எடுக்க வேண்டுமே. நம்பர் எங்கே எடுப்பது, எந்த அறை, எழுதிக் கொடுத்த மருந்தில் எது வெளியே வாங்க வேண்டியது என்று தெரியாமல் மத்தியானம் வரைக்கும் வாங்கிலில் இருப்பார்கள். அவர்களோடு ஒரு காலை நிற்பது பெரிய சேவை. டொக்டர் சொன்னதைக் கேட்டு, எந்த மாத்திரை எப்போது என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு ஒரு சூரியன், ஒரு நிலா கீறிவிடுங்கள்.

அப்புறம் அரசாங்கத்தின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுக்கான விண்ணப்பம், மேன்முறையீடு. 2023இல் அந்தத் திட்டம் வந்ததில் இருந்து தகுதி இருந்தும் பட்டியலில் பெயர் வராதவர்களைப் பார்க்கிறோம். படிவம் நிரப்பத் தெரிந்த வாலிபர் இரண்டு பேர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் மேசை போட்டு இருந்தால் ஊருக்கே உதவும். மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போன தாய்மாரின் பிள்ளைகள் அம்மம்மாவோடு இருக்கிறார்கள், அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாம். தேடிப் பார்த்தால் உங்கள் ஒழுங்கையிலேயே வேலை இருக்கிறது.

உதவி செய்யிறன், ஆனா அன்பு வருதில்ல. அந்த ஐயா எப்பவும் ஏசுறார், போகவே மனமில்ல.

சாப்பாடு கொண்டுபோனால் "சோறு குழஞ்சு போச்சு, நேத்து வந்திருக்கலாமே" என்று சொல்லும் ஆட்களை நானும் பார்த்திருக்கிறேன். தனியாக இருக்கிற வயதானவருக்கு வருகிறவரிடம் மட்டும்தான் கோபத்தைக் கொட்ட முடியும். மற்ற யாரும் வருவதில்லையே.

அன்பு முதலில் வந்து, பிறகு சேவை செய்வோம் என்று காத்திருந்தால் நடக்காது. யோவான் எழுதியது சொல்லினாலும் நாவினாலும் அல்ல, கிரியையினால் அன்புகூருங்கள் என்றுதான். இயேசு கால் கழுவிய இராத்திரியில் யூதாசும் அந்தப் பந்தியில் இருந்தான், அவனுடைய காலும் கழுவப்பட்டது. கழுவி முடித்துப் பந்தியில் இருந்தபோது அவர் உள்ளம் கலங்கியது என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. காட்டிக்கொடுக்கப் போகிறவன் யார் என்று தெரிந்துதான் கழுவினார். நீங்களும் எரிச்சலோடு போகலாம், எரிச்சலை அவர் மேல் காட்டாமல் இருந்தால் சரி. சில மாதம் கழித்து ஒரு நாள் அவர் வாசலில் இல்லாவிட்டால் உங்கள் நெஞ்சு பதறும். அப்போது தெரியும், அன்பு எப்போதோ வந்துவிட்டது என்று.

எனக்குப் பயம். வார்ட்டுக்குப் போகவும் பயம், செத்த வீட்டுக்குப் போகவும் பயம். என்ன கதைக்கிற எண்டு தெரியாது.

ஒன்றும் கதைக்க வேண்டாம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். வாயைத் திறந்ததில் இருந்து எல்லாம் பிழைத்தது. செத்த வீட்டில் "ஆண்டவருடைய சித்தம்", "நல்லவங்கள அவர் கெதியா எடுத்திடுவார்" போன்றவற்றைத் தயவுசெய்து சொல்லாதீர்கள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது அது. கதிரை அடுக்குங்கள், தேத்தண்ணி ஊற்றுங்கள், எட்டாம் நாள் கழிந்து எல்லாரும் போன பிறகு இன்னொரு முறை போங்கள்.

பயமே இல்லாதவருக்குத் துணிவு தேவையில்லை. பேதுரு வேலைக்காரப் பெண் ஒருத்திக்கும் அங்கே நின்றவர்களுக்கும் பயந்து மூன்று தரம் மறுதலித்தவர். கடற்கரையில் இயேசு அவரைத் திரும்பச் சந்தித்தபோது "ஏன் பயந்தாய்" என்று கேட்கவில்லை. "நீ என்னை நேசிக்கிறாயா" என்று மூன்று தரம் கேட்டார், ஒவ்வொரு தரமும் ஆடுகளை அவர் கையில் கொடுத்தார். நேசிக்கிற ஒரு ஆளும் செய்ய ஒரு வேலையும் இருந்தால் பயம் பின்னுக்குப் போகிறது. முதல் தடவை தனியாகப் போகாதீர்கள், பழகியவர் ஒருவரோடு போய்ப் பத்து நிமிடம் இருந்துவிட்டு வாருங்கள்.

துணிவு எண்டா ஹேபர்ட் பாதர் மாதிரி சாகவும் ரெடியா இருக்கணுமா?

அவரைப் பற்றித் தெரியாத இளையவர்களுக்காக: யூஜின் ஹேபர்ட் அமெரிக்காவின் லூசியானாவில் இருந்து வந்த இயேசு சபைக் குரு. புனித மிக்கேல் கல்லூரியில் பிள்ளைகளைக் கூடைப்பந்தாட்டத்தில் பயிற்றியவர். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் புறப்பட்டார், கூட ஒரு தமிழ் இளைஞரும். இருவரும் வந்து சேரவில்லை. யுத்தம் நடந்த அந்த நாட்களில் அந்த வீதியில் போவது எவ்வளவு ஆபத்தென்று அவருக்கு நன்றாகவே தெரியும். இன்னும் பின்னால் போனால் வில்லியம் ஓல்ட். 1814இல் மெதடிஸ்த ஊழியராக மட்டக்களப்புக்கு வந்தவர். வருகிற வழியில் கப்பலிலேயே மனைவி இறந்தார், அவரும் வந்து ஒரு வருடம் முடிவதற்குள் 1815இல் இங்கேயே இறந்தார். அதற்குள் பள்ளிக்கூடங்களைத் தொடங்கிவிட்டார், மெதடிஸ்த மத்திய கல்லூரி அங்கிருந்துதான் வருகிறது.

இவர்கள் இருவரும் சாவதற்காகப் புறப்பட்டவர்கள் அல்லர். ஓல்ட் பள்ளி நடத்தினார், ஹேபர்ட் பாதர் பல ஆண்டுகள் மைதானத்தில் விசில் ஊதினார், கடைசி நாளும் அந்த வழமையான வேலைகளின் தொடர்ச்சிதான். ஆபத்தைத் தேடிப் போவது விசுவாசம் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. ஒரு பட்டணத்தில் துன்புறுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடுங்கள் என்று இயேசுவே சொன்னார். பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கித் தப்ப வைத்தார்கள், அதில் அவருக்கு ஒரு குறையும் வரவில்லை. உங்களிடம் இப்போது கேட்கப்படுவது பெரும்பாலும் வியாழக்கிழமை தவறாமல் போகிற துணிவுதான்.

2019க்குப் பிறகு எனக்கு ஆராதனைக்குள்ள இருக்க ஏலாது. வாசலத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன். என்ட விசுவாசம் போயிட்டுதா?

இல்லை. அது காயம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் மட்டக்களப்பு சீயோன் சபையில் நடந்த தற்கொலைக் குண்டுத்தாக்குதலில் முப்பது பேரளவில் இறந்தார்கள், அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பிள்ளைகள், ஞாயிறு பாடசாலை முடித்து வெளியே வந்து நின்றவர்கள். அதைக் கண்டவர்களும் கேட்டவர்களும் வாசலைப் பார்க்காமல் எப்படி இருப்பார்கள்? வாசலுக்குப் பக்கத்திலேயே உட்காருங்கள், நடுவில் எழுந்து வெளியே போங்கள், ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், சொன்னால் சொல்லட்டும். நித்திரை வராமல், சாப்பாடு இறங்காமல் இழுத்துக்கொண்டு போனால் மனநல மருத்துவரிடம் போங்கள். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கும் அழைக்கலாம். மருந்து எடுப்பதால் விசுவாசம் குறைவதில்லை.

அந்தப் பிள்ளைகளை ஆண்டவர் ஏன் காக்கவில்லை என்று நீங்கள் கேட்காவிட்டாலும் அந்தக் கேள்வி இதற்குள் இருக்கிறது. எனக்குப் பதில் இல்லை. பதில் இருக்கிறது என்று சுலபமாகச் சொல்கிறவரை நம்பவும் மாட்டேன். 88ஆம் சங்கீதம் வெளிச்சத்தில் முடியவில்லை, இருளிலேயே முடிகிறது. அப்படி ஒரு ஜெபத்தையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். அதை அப்படியே சொல்லுங்கள்.

அதுக்குப் பிறகு முஸ்லிம் ஆக்களோட முந்தி மாதிரிப் பழக ஏலுமா? மன்னிக்கத்தான் வேணுமா?

முதலில் யாரை மன்னிப்பது என்று தெளிவாக வேண்டும். காத்தான்குடியில் மீன் விற்கிறவரும் ஏறாவூரில் துணிக்கடை வைத்திருப்பவரும் உங்களுக்கு ஒரு பிழையும் செய்யவில்லை, அவர்களை மன்னிக்க ஒன்றுமில்லை. குண்டு வைத்த கூட்டத்தின் தலைவனுக்கு எதிராக முன்கூட்டியே குரல் கொடுத்து முறைப்பாடு செய்தவர்களில் காத்தான்குடி முஸ்லிம்களும் இருந்தார்கள். அதைக் கேட்க வேண்டியவர்கள் கேட்டிருந்தால் என்று நினைக்காத நாளில்லை.

நம் மாவட்டத்தில் எல்லாப் பக்கமும் கல்லறை இருக்கிறது. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் தமிழ்ச் சனங்கள், கைக்குழந்தைகளும் உட்பட. இவற்றை எடைபோட்டு யாருக்குக் கூட என்று பார்க்கத் தொடங்கினால் முடிவே இருக்காது. மன்னிப்பு உள்ளே நடக்க வருடங்கள் போகும், இழந்தவர்களை யாரும் அவசரப்படுத்தக் கூடாது, முக்கியமாக எதையும் இழக்காதவர்கள். குற்றம் செய்தவருக்குத் தண்டனை கேட்பதும் மன்னிப்புக்கு விரோதமில்லை. ஆனால் பழகுவதற்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. நோன்புக் கஞ்சி தந்தால் வாங்கிக் குடியுங்கள், நத்தாருக்குக் கேக் கொண்டுபோய்க் கொடுங்கள். 2004 சுனாமி அன்று திறந்த கதவுக்குள் ஓடியவர்கள் அது யாருடைய கதவு என்று பார்க்கவில்லை.

உதவி செய்யப் போனா மதம் மாத்த வாறாங்க எண்டு சொல்றாங்க. என்ன செய்யிற?

அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு கூடாரத்தில் இருந்த சனங்களிடம் அரிசியோடு துண்டுப்பிரசுரமும் நீட்டியவர்கள் உண்டு. பசியில் இருக்கிறவன் கையில் சாப்பாட்டையும் ஞானஸ்நானத்தையும் சேர்த்து வைப்பது அவனுடைய விசுவாசத்தையும் கெடுக்கும், நம்முடையதையும் கெடுக்கும். இயேசு சுகமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன்தான் திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேரின் சுகத்தை அவர் திரும்ப எடுக்கவில்லை.

ஆகவே இப்படிச் செய்யலாம். உதவப் போகும் இடத்தில் ஜெபிக்கலாமா என்று நீங்களாகக் கேட்காதீர்கள், அவர்கள் கேட்டால் செய்யுங்கள். அந்த ஊர் இந்துக் கோயில் தலைவர், கிராம சேவகர் இருவருக்கும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். முடிந்தால் ஊர் இந்து வாலிபர்களோடு சேர்ந்து செய்யுங்கள், கிணறு இறைக்கிற வாளிக்கு மதமில்லை. உங்கள் விசுவாசத்தைப் பற்றி அவர்கள் கேட்டால் மறைக்கவும் வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம், ஏன் வருகிறீர்கள் என்பதை இரண்டு வசனத்தில் நேராகச் சொல்லுங்கள். அதற்கும் ஒரு துணிவு வேண்டும்.

போட்டோ எடுத்து பேஸ்புக்கில போட்டா நாலு பேர் காசு தருவாங்களே?

தருவார்கள். ஆனால் அரிசிப் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த அம்மாவின் முகத்தை அவரின் மகன் பள்ளிக்கூட நண்பர்களும் பார்ப்பார்கள். காசு தந்தவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்றால் பற்றுச்சீட்டைக் காட்டுங்கள், இறைத்த கிணற்றைப் படம் எடுங்கள். முகம் வேண்டாம். மத்தேயு 6 இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அவர் குடிக்கிறவர். காசு குடுத்தா கசிப்புக்குத்தான் போகும். குடுக்கிறதா இல்லையா?

காசாகக் கொடுக்க வேண்டாம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பிள்ளைகளுக்கு நேராகச் செய்யுங்கள், பாடசாலைச் சப்பாத்து, பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு. "அவன் திருந்தட்டும், பிறகு பார்ப்போம்" என்று பிள்ளைகளைத் தண்டிக்கக் கூடாது.

அவரையும் விட்டுவிடாதீர்கள். குடிக்காமல் இருக்கிற காலை நேரத்தில் போய்க் கதையுங்கள். புத்தி சொல்லப் போகாமல் வேலை, வயல், பழைய கதை என்று கதையுங்கள். பலருக்குப் பின்னால் யுத்தமோ சுனாமியோ கடனோ இருக்கும். நாளாந்தம் நிறையக் குடித்து வந்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புக்கூட வரலாம், அதனால் "ஜெபித்துவிட்டோம், இன்றோடு விடு" என்று சொல்லாமல் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். ஜெபமும் செய்யுங்கள், இரண்டும் வேண்டும்.

வீட்டில விருப்பமில்ல. "ஊருக்கு உழைக்கிற, வீட்டப் பாக்கிறதில்ல" எண்டு ஏசுறாங்க.

அவர்கள் சொல்வது சரியா என்று முதலில் பாருங்கள். சில நேரம் சரியாக இருக்கும். தேவனுக்கென்று நேர்ந்துவிட்டேன் என்று சொல்லித் தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை நிறுத்தியவர்களை இயேசு கடுமையாகக் கண்டித்தார். வெளியே எல்லாருக்கும் சிரித்த முகம், வீட்டுக்கு வந்தால் சிடுசிடுப்பு என்றால் அந்தச் சேவையைக் கொஞ்சம் குறையுங்கள்.

வீட்டுக்குச் செய்வதைச் செய்தும் ஏசுகிறார்கள் என்றால் அவர்களையும் ஒரு நாள் கூட்டிப் போங்கள். கணவர் ஒருவர் மாதக்கணக்கில் முறைத்துவிட்டு, ஒரு தடவை ஆட்டோவில் கிளினிக்குக்கு ஆளைக் கொண்டுபோய் விட்ட பிறகு, இப்போது அந்த ஐயாவுக்கு எப்போது கிளினிக் என்று அவரே விசாரிக்கிறார்.

எங்கட குழுவுக்குள்ளேயே சண்டை. ஆருக்குக் குடுத்த, ஆருக்குக் குடுக்கல்ல எண்டு. இப்பிடிக் கிறிஸ்தவங்களுக்குள்ள வரலாமா?

முதல் சபையிலேயே வந்தது. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் சாப்பாடு பங்கிடும்போது கிரேக்கம் பேசும் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு. அப்போஸ்தலர்கள் "ஜெபியுங்கள், சரியாகிவிடும்" என்று அதை மூடிவிடவில்லை, முறைப்பாட்டை ஏற்று ஏழு பேரைத் தெரிந்து வேலையைக் கொடுத்தார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள், குறை சொன்ன பக்கத்தின் பெயர்கள். அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.

ஆகவே ஒரு கொப்பி வையுங்கள். யாருக்கு, என்ன, எப்போது, யார் தீர்மானித்தது. காசு இரண்டு பேரின் கையெழுத்தோடு மட்டும் வெளியே போகட்டும். குழுவில் இருக்கிறவரின் சொந்தக்காரர் பெயர் வந்தால் அவர் அந்தத் தீர்மானத்தில் இருந்து விலகி இருக்கட்டும். சண்டையில் பாதி இதிலேயே அடங்கிவிடும்.

களைச்சிட்டன். ஒருத்தரையும் பாக்கப் பிடிக்கல்ல. இது பாவமா?

பாவமில்லை. எலியா சூரைச்செடியின் கீழே படுத்து "போதும் கர்த்தாவே" என்று சொன்னபோது தூதன் கொண்டுவந்தது பிரசங்கம் இல்லை, அடையும் தண்ணீரும். எலியா சாப்பிட்டார், படுத்தார், தூதன் திரும்ப எழுப்பிச் சாப்பிட வைத்தான். அதற்குப் பிறகுதான் பயணம். நித்திரை கொள்ளுங்கள். உங்கள் ஆளை ஒரு மாதத்துக்கு இன்னொருவரிடம் ஒப்படையுங்கள், அதற்காகத்தான் முன்னமே இரண்டு பேராகப் போகச் சொன்னேன். நீங்கள் இல்லாவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று தோன்றினால், அது உங்களுக்கும் நல்லதில்லை, உங்களை நம்பியிருப்பவருக்கும் நல்லதில்லை.

ஒரு பிள்ளை என்னட்ட ஒரு விசயம் சொல்லிச்சு, ஒருத்தருக்கும் சொல்ல வேணாம் எண்டு கெஞ்சிச்சு. சொன்னா நம்பிக்கைத் துரோகமா?

பிள்ளைக்கு யாராவது கெடுதல் செய்கிறார்கள் என்றால் அந்த இரகசியத்தைக் காக்க முடியாது. அதைப் பிள்ளையிடமே மெதுவாகச் சொல்லுங்கள்: "நீ சொன்னது நல்லது, உன்னில ஒரு பிழையும் இல்ல, இதை நான் தனியத் தாங்க ஏலாது, உதவக்கூடிய ஒருவரிட்டச் சொல்லப்போறன்." 1929 பிள்ளைகளுக்கான இலக்கம். பெண்ணுக்கு வீட்டில் அடி உதை என்றால் 1938. உயிரை மாய்க்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் விளையாட்டு என்று நினைக்காமல், தனியே விடாமல், மேலே சொன்ன 1926க்கு அழையுங்கள், உயிருக்கு ஆபத்தென்றால் 1990 அம்புலன்ஸ்.

செய்தவர் சபைக்குள் பெரிய ஆளாக இருந்தாலும் இதே வழிதான். "சபையின் பெயர் கெட்டுவிடும்" என்று யாராவது உங்களைத் தடுத்தால், கேட்காதீர்கள். இந்தப் பக்கத்தில் நான் எழுதியவற்றில் மிகப் பெரிய துணிவு தேவைப்படுவது இதற்குத்தான்.

உண்மையச் சொன்னா எனக்கு இப்ப விசுவாசமே இல்லாத மாதிரிக் கிடக்கு. ஆனா கிணறு இறைக்க, கிளினிக்குக்குப் போக விருப்பம். வரலாமா?

வாருங்கள். ஒரு தகப்பன் இயேசுவிடம் "விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும்" என்று ஒரே மூச்சில் சொன்னான். அவனுடைய மகனுக்குச் சுகம் கிடைத்தது. உங்களிடம் யாரும் சாட்சி சொல்லக் கேட்க மாட்டார்கள், ஜெப நேரத்தில் வெளியே நிற்க வேண்டுமென்றால் நிற்கலாம்.

உங்கள் பக்கத்துக் கோயிலில் வின்சென்ட் டி போல் சபையோ வாலிபர் ஐக்கியமோ பெண்கள் சங்கமோ இருக்கும். அவர்களில் வயது கூடிய ஒரு அக்காவைப் பிடித்து, "யாரைப் பார்க்கப் போகிறீர்கள், நானும் வரட்டுமா" என்று கேளுங்கள். பெரும்பாலும் அடுத்த நாளே கூட்டிப் போவார்கள். குடை கொண்டுபோங்கள், காலையிலேயே வெயில் கொளுத்துகிறது.